செங்கலடிக்கு ஒரு புகைப்படச் சங்கம்

இலங்கையின் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசத் தொடங்குபவர் எவரும் லயனல் வெண்ட் என்னும் பெயரைத் தாண்டி மேற்செல்ல இயலாது. அத்தகைய கலைஞர் 1944ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி, தமது நாற்பத்து நான்காம் வயதில் காலமானதன் பின்பு நிகழ்ந்த ஒரு காரியத்தை நினைக்குந்தோறும் எனக்கு மனம் பதைக்கிறது. வாழ்நாளில் அவர் எடுத்துச் சேர்த்த படங்களின் நெகட்டிவ்கள் அவர் மறைவின் பின் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நாம் வெண்டின் படங்கள் என்று போற்றுவன யாவும், அவர் உயிரோடிருந்த காலத்தில் தம் கையாலேயே இருட்டறையில் அச்சிட்டு வைத்தவற்றுள் தப்பிப் பிழைத்த பிரதிகளே. அப்பிரதிகளின் அருமையை அறிந்தவர்கள் கொழும்பில் சிலர் இருந்தமையால், அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழிந்து, 1950இல், எல். சி. வான் கெய்சலின் முன்னுரையோடு 'லயனல் வெண்டின் இலங்கை' என்ற ஆங்கில நூல் லண்டனிலிருந்து வெளிவந்தது. அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலும் கடந்து, 2017இல் டொக்குமென்டா என்ற உலகப் பிரசித்தி பெற்ற கலைக் கண்காட்சியிலும் அவர் படங்கள் இடம்பெற்றன. மூலம் அழிந்த பின்பும் ஆக்கம் நின்றதற்கு, அதைச் சூழ்ந்து நின்ற சில மனிதர்களின் ரசனையும் விசுவாசமும் அன்றி வேறு காரணத்தை நான் காணவில்லை.

இந்த நிகழ்ச்சியை முதலிலே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் செங்கலடிப் பகுதியில் இன்று நல்ல கமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஏறாவூரிலும் வந்தாறுமூலையிலும் சித்தாண்டியிலும் கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கும் தொழிலாளரும் இருக்கின்றனர். கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவருள் ஆர்வத்தினால் மட்டுமே கமராவைத் தோளிலே மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வாவிக் கரைக்குச் செல்வோரும் இருக்கின்றனர். ஆயினும் அவர்கள் மாதம் ஒருமுறையேனும் ஒரு கூரையின் கீழ் கூடித் தம் படங்களை ஒருவர் முன் ஒருவர் வைத்து, நல்லது கெட்டது பேசி, பேசியதன் பயனாய் மறுமுறை இன்னும் சிறப்பாக எடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அந்த வழக்கம் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. அது எவ்வகையில் வேண்டும், எவ்வகையில் வேண்டாம் என்பதையும், இத்துறையில் முன்னே நடந்தவர்களின் சரித்திரத்தைக் கொண்டே சிறிது யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வெண்ட் ஒரு நீதியரசரின் மைந்தர். இங்கிலாந்து சென்று சட்டமும் சங்கீதமும் பயின்று திரும்பியவர். பியானோ வாத்தியத்தில் நிபுணர். 1929 முதல் சிறிது காலம் கொழும்பிலே சிலி நாட்டுக் கொன்சலாக வசித்த கவிஞர் பாப்லோ நெரூதா, வெள்ளவத்தையில் தனிமையிலே வாடிக்கொண்டிருந்தபோது, சைக்கிளோட்டி ஒருவர் மூலம் வாரந்தோறும் அவருக்கு மூட்டை நிறைய நாவல்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் இந்த வெண்டே. தமக்குக் கிடைத்ததைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாத சுபாவம் அவருடையது. 1934இல் பஸில் ரைட் இயக்கி வெளிவந்த 'சோங் ஒப் சிலோன்' என்ற விவரணப் படத்திற்கு, பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ரொபர்ட் நொக்ஸின் இலங்கை வரலாற்றுப் பகுதிகளை வாசித்துக் குரல் கொடுத்தவரும் அவரே.

அதே 1930களில் கொழும்பிலே இலங்கைப் புகைப்படச் சங்கம் உருவாவதற்குப் பாடுபட்டவர்களுள் அவர் முதன்மையானவர். ரோலிபிளெக்ஸும் லைக்காவும் கையிலிருந்தும், இருட்டறை தம் வீட்டிலேயே இருந்தும், தனியே இருந்து படம் எடுத்துத் தனியே கண்டு மகிழ்ந்துவிடுவதில் அவர் திருப்தி கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1938இல் லண்டன் கமரா கிளப்பில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது. லைக்காவை உற்பத்தி செய்த லைட்ஸ் நிறுவனமே அதற்கு ஆதரவளித்தது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலிய ஓவியர்கள் '43 குழு'வாகத் திரண்டபோது, அக்குழுவைக் கூட்டிவைத்தவரும் அவரே. அவர் இல்லம் இருந்த நிலத்தில், 1953 முதல், அவர் பெயரால் ஒரு கலையரங்கு நின்று நிலவுகிறது. ஓர் அங்கத்தவரின் சாதனை என்று எதைச் சொல்வது? அவர் எடுத்த படங்களைச் சொல்வதா, அவர் கூட்டிவைத்த மனிதர்களைச் சொல்வதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இயலவில்லை. வெண்ட் கூட்டிவைக்காதிருந்தால், அவர் படங்களைக் காப்பதற்கு ஆள் இருந்திருக்கமாட்டார்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உலகறிந்ததே. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பராமரிக்கும் பணி செய்து வாழ்ந்த விவியன் மேயர் என்ற பெண்மணி, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தெருக்களிலே திரிந்து, ஒரு லட்சத்திற்கும் அதிகமான படங்களை எடுத்து, அவற்றை யாருக்கும் காட்டாமல் பெட்டிகளிலே அடைத்து வைத்திருந்தார். வாடகை கட்டாமல் விடப்பட்ட களஞ்சிய அறையின் பொருள்கள் 2007இல் ஏலத்திற்கு வந்தபோது அவை வெளிப்பட்டன. 2009இல் அவர் இறந்துபோனார். உலகம் அவரை மேதை என்று கொண்டாடத் தொடங்கியது அதற்குப் பின்பே. அவர் மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் வேறொருவர் கையில் அகப்பட்டிருந்தால், பழைய இரும்போடு பழைய இரும்பாகக் குப்பைக்குப் போயிருக்கும். தற்செயலை நம்பி ஒரு கலையை விட்டுவிட எனக்குத் துணிவில்லை.

சரி, சங்கம் என்று கூடினால் அங்கத்தவர்கள் என்ன செய்வார்கள்? உலகெங்கும் இருக்கும் புகைப்படச் சங்கங்களின் நடைமுறை ஏறத்தாழ ஒன்றே. மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூடுவது. அந்த மாதத்திற்கென்று குறித்த பொருளில் ஒவ்வொருவரும் ஒரு படம் கொண்டுவருவது. எடுத்தவர் பெயரைச் சொல்லாமலே அதைச் சுவரில் மாட்டி அல்லது திரையிலே காட்டி, அனுபவசாலிகள் இருவர் மூவர் அதைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைச் சொல்வது. ஒன்றாய்க் கூடிப் பிரயாணம் போவது. ஆண்டுக்கு ஒரு கண்காட்சி வைப்பது. பிலிம் காலத்தில் இருட்டறை ஒன்றைப் பொதுவிலே வைத்துக்கொள்வது பெரிய உபகாரமாக இருந்தது. படத்தைப் பெருப்பிக்கும் கருவியையும் கழுவும் மருந்துகளையும் தனி ஒருவர் வாங்குவது சிரமமாதலால், பணம் சேர்த்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தினர். இன்று அந்த இடத்தில் நல்ல அச்சியந்திரமும், நிறத்தைப் பிசகாமல் காட்டும் திரையும், ஒருவர் மற்றவருக்கு இரவல் கொடுக்கும் லென்ஸும் வந்து நிற்கின்றன.

இவற்றுள் எல்லாம் தலையாயது, எடுத்தவர் வாய் திறவாமல் அமர்ந்திருக்க மற்றவர்கள் அவர் படத்தைப் பற்றிப் பேசும் அந்த நாழிகைதான் என்று நான் திடமாக நம்புகிறேன். ஏனெனில் படம் எடுத்தவருடைய மனத்தில் அந்தச் சதுரத்திற்கு வெளியே இருந்த யாவும் நிறைந்து நிற்கின்றன: அன்று அதிகாலையில் இருந்த பனி, கண்ணாக் காட்டின் சேற்று மணம், தோணிக்காரர் சொன்ன கதை, காலில் குத்திய முள், பட்ட கஷ்டம். பார்ப்பவருக்கோ அவற்றில் ஒன்றும் தெரியாது. விளிம்புக்குள் இருப்பது மட்டுமே தெரியும். 'தோணி படத்தின் ஓரத்தில் முட்டுகிறதே, அது போவதற்கு நீர் எங்கே?' என்று ஒருவர் கேட்கிறார். 'வானத்தின் வெளுப்பிலே மேகத்தின் உருவமே அழிந்துபோயிற்று' என்று மற்றொருவர் சொல்கிறார். 'இந்த முதியவரின் முகத்தைப் பார்ப்பதா, பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதா?' என்று மூன்றாமவர் வினவுகிறார். தம் ஞாபகத்தையே படம் என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, ஞாபகம் வேறு, படம் வேறு என்பது அந்தக் கணத்திலே புலனாகிறது. எத்தனை நூல் கற்றாலும், எத்தனை காணொளி பார்த்தாலும், இந்த அறிவு தனிமையிலே வருவது மிகவும் அரிது. கைப்பேசியில் விரல் தட்டி விரும்புவோரின் எண்ணிக்கை இதற்கு ஈடாகாது. நண்பரும் உறவினரும் நம்மை விரும்புகிறார்கள் என்பதை அது சொல்லும், படம் எங்கே பிழைத்தது என்பதைச் சொல்லாது.

பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1853இல் தொடங்கிய பிரித்தானியாவின் ரோயல் புகைப்படச் சங்கம், தகுதி கண்டவர்களுக்கு மூன்று படிகளிலே பட்டம் வழங்குகிறது. முதற் படிக்குப் பத்துப் படங்களும், இரண்டாம் படிக்குப் பதினைந்து படங்களும், ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் தொகுதியாகச் சமர்ப்பிக்கப்பட வேண்டும். 1950இல் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரிலே உருவான சர்வதேசப் புகைப்படக்கலைச் சம்மேளனம், பல நாடுகளின் கண்காட்சிகளிலே ஒருவருடைய படங்கள் எத்தனை ஏற்கப்பட்டன என்பதைக் கணக்கிட்டுப் பட்டமளிக்கிறது. சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் அங்கத்தவர் பெயருக்குப் பின்னே வரிசையாய் நிற்கும் எழுத்துகள் பெரும்பாலும் இவையே. இவற்றை இகழ்வது என் நோக்கமன்று. பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுதியாக்குவது ஒரு கடுமையான அப்பியாசம். பதினோராவது படம் எவ்வளவு பிரியமானதாயினும் அதை எடுத்து வைத்துவிடும் மனத்திடத்தை அது கற்பிக்கிறது.

ஆனால் கணக்கிலே கண் வைத்தவர்களுக்கு வரும் ஆபத்தும் உண்டு. நடுவர்களுக்கு எது பிடிக்கும் என்று அறிந்து அதையே எடுக்கும் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. பின்னொளியில் வீசிய வலை, சுருக்கம் விழுந்த முதிய முகம், புகை நடுவே சாய்ந்து விழும் சூரியக் கதிர் ஆகியவை உலகத்துக் கண்காட்சிகளிலெல்லாம் ஒன்றுபோல வந்து நிற்கின்றன. நம் நாட்டின் தென்கரையிலே, கொக்கலைப் பக்கம், கடலில் நாட்டிய கம்பின்மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவரின் படம் இலங்கையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்று அந்தக் கம்புகளில் பலவற்றின்மேல், பிரயாணிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு, படத்திற்காகவே ஏறி அமர்கிறார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தொழில் படமாகி, பின்பு படமே தொழிலாகிவிட்டதைக் கண்டு துக்கிக்கிறேன். நம் வாவிக்கும் தோணிக்கும் அந்த நிலை வரக்கூடாது.

சங்கங்கள் தவறியதற்கும் சரித்திரம் சான்று பகர்கிறது. 1856இல் கல்கத்தாவில் தொடங்கிய வங்காளப் புகைப்படச் சங்கத்திலே இந்தியராய் இடம்பெற்ற பேரறிஞர் ராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பொதுக்கூட்டத்தில் பேசினார் என்ற காரணத்தால், மறு ஆண்டிலேயே அச்சங்கத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். புகைப்படத்திற்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, அதிகாரத்திலிருந்தோருக்கு மனம் புண்பட்டது, அவ்வளவே. ஜூலியா மார்கரெட் கமரோனின் கதை வேறு விதமானது. நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதல் கமராவைக் கையிலெடுத்த அந்த அம்மையார் 1864இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் அங்கத்தவரானார். ஆயினும் அவர் படங்களிலே கூர்மை இல்லை, மங்கலாக இருக்கின்றன என்று அச்சங்கத்து வட்டாரத்து விமர்சகர்கள் கடிந்துரைத்தனர். அந்த மங்கல் அவர் வேண்டுமென்றே தேடிக்கொண்டது என்பதையும், முகத்தின் உள்ளே இருப்பதைக் காட்ட அதுவே அவர் கண்ட வழி என்பதையும் பிற்காலம் ஒப்புக்கொண்டது. 1875இல் இலங்கைக்கு வந்த அவர், நம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையிலே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆகவே நம்மிடையே ஒரு சங்கம் அமையுமானால், அதன் வாயிலிலே சாதியும் மதமும் கட்சியும் வந்து நிற்கக்கூடாது. ஏறாவூர் முஸ்லிம் சகோதரரும் செங்கலடித் தமிழரும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும். பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வரத்தக்க நேரமும் இடமும் வாய்க்க வேண்டும். வழக்கத்திற்கு மாறான படத்தைக் கண்டவுடன் 'பிழை' என்று சொல்லும் அவசரமும் ஆகாது.

தமிழகத்தின் பக்கம் திரும்பினால், சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. சென்னையில் கலைப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கு மூலபுருஷர். அக்காலத்திலே அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லினியஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி, 1858ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலே ஓடும் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளமான ஒரே சுருளாக ஆக்கினார். காகித நெகட்டிவும் மாட்டுவண்டியும் கொளுத்தும் வெயிலுமாய் இருந்த காலத்தில், ஒரு கோயிலின் சுவர் முழுவதையும் எழுத்துப் பிசகாமல் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததே, அதைப் பெரும் சாதனை என்பேன். அழகான காட்சியைத் தேடி அவர் அங்கே நிற்கவில்லை; ஓர் ஆவணம் வேண்டும் என்றே நின்றார், அழகு தானே வந்து சேர்ந்தது.

நம் காலத்துக்கு அண்மையில், தமிழராய்ப் பிறந்து பெங்களூரிலே வாழ்ந்து 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாளை நினைக்கிறேன். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற குருவிடம் கானக உயிர்களைப் படம் பிடிக்கக் கற்றவர். இராக்காலத்துப் பறவைகளையும் விலங்குகளையும் படமாக்குவதிலே தனிப் புகழ் பெற்றவர். நான் மேலே சொன்ன இரு நிறுவனங்களின் உயர்ந்த பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் அவரை அறிந்தவர்கள் முதலிலே எடுத்துச் சொல்வது, பின்வந்த இளைஞர்களுக்கு அவர் சலியாமல் கற்றுக்கொடுத்ததைத்தான். எட்வர்ட்ஸிடம் பெற்றதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அதே தலைமுறைக்குச் சிறிது முன்னவரான மா. கிருஷ்ணனோ, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், தனிவழி நடந்தவர். வெவ்வேறு கமராக்களின் பாகங்களைக் கொண்டு தாமே இணைத்து, 'சூப்பர் பொண்டெரோசா' என்று பெயரிட்டுக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் எடுத்தார். 1950 முதல் 1996இல் மரணமடையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அவரைப் போன்றவர்களுக்குச் சங்கம் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் வாய்த்தவர் தனியாள் அல்லர்.

இலங்கையிலும் குருகுலம் போல நடந்த ஒரு ஸ்தாபனம் உண்டு. நிஹால் பெர்னாண்டோ 1963இல் கொழும்பில் நிறுவிய 'ஸ்டூடியோ டைம்ஸ்' அது. காடும் குளமும் சிதைந்த விகாரையும் அங்கிருந்தோரின் படங்களிலே தம் சுயரூபத்தோடு தோன்றின; அங்கே பயின்றவர்களுள் லக்ஷ்மணன் நடராஜா என்ற தமிழர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். நாட்டின் உட்புறத்தை நடந்து நடந்து அறிந்த பின்பே படம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறி.

இனி நம் ஊருக்கு வருவோம். பதுளையிலிருந்து இறங்கி வரும் வீதி, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியோடு வந்து முடியும் சந்தி செங்கலடி. கிழக்கே சற்றுத் தூரத்தில் கடல். ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் வடபுறத்துக் கை நம் பக்கம் வந்து நிற்கிறது. மேற்கே கறுத்தப் பாலத்தைத் தாண்டினால் வட்டையும் வாடியும், கரடியனாற்றின் பசுமையும், குசலான மலையும், தூரத்திலே குடும்பிமலையும். எழுவானும் படுவானுமாய் இரு கரையிலும் ஒளியை இவ்வளவு தாராளமாய்ப் பெற்ற நிலம் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் அந்த ஒளி நிற்பதில்லை. பூமத்திய ரேகைக்கு எட்டுப் பாகைக்குள் இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக எழுகிறது. ஐரோப்பியர் எழுதிய நூல்களிலே காணும் நீண்ட பொன்னொளி நேரம் நமக்கு வாய்ப்பதில்லை. வைகறை மங்கலிலிருந்து சூரியன் தலைகாட்டும் வரை இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் பின்பு வெயில் விரைவிலே கடுத்துவிடுகிறது. இடத்தை முதல் நாளே பார்த்து, நிற்கும் இடத்தைத் தீர்மானித்து, இருட்டோடு போய்க் காத்திருப்பவருக்கே படம் கிடைக்கும். இத்தகைய உள்ளூர் அறிவை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் ஒரு கூட்டம் வேண்டாமா?

எடுக்க வேண்டியவற்றுள் சில நம் கண் முன்னே மறைந்துகொண்டிருக்கின்றன. மாடு விட்டுச் சூடு மிதித்த காட்சியை நம் பிள்ளைகள் கண்டிலர்; அறுவடை இயந்திரம் வந்து அதை முடித்துவிட்டது, உழவருக்கு அதனால் நன்மைதான், ஆயினும் அந்தக் களத்தின் ஒழுங்கும் பேச்சும் எங்கே பதிவாகியிருக்கின்றன? வடமோடியும் தென்மோடியும் விடிய விடிய ஆடப்படும் வட்டக்களரியிலே, அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஏற்ப முடியும் மார்புப் பதக்கமும் ஒளிவிடச் சுழலும் கூத்தரை எடுப்பதற்கு, அவர் எந்தத் தாளக்கட்டில் எப்பக்கம் திரும்புவார் என்பது தெரிந்திருக்க வேண்டும்; பிளாஷ் அடித்தால் களரியின் மந்தமான வெளிச்சம் செத்துப்போகும், அடிக்காவிட்டால் அசைவு கலைந்துபோகும். இதைப் பழகுவதற்கு அரங்கேற்றத்துக்கு முன்னே பழக்கங்களுக்கும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். வைகாசியிலே கண்ணகை அம்மன் கோவில்களில் நடக்கும் சடங்கும் குளிர்த்தியும், ஆண்டுதோறும் வடக்கிலிருந்து நம் தெருவால் நடந்து போகும் கதிர்காமப் பாதயாத்திரிகரும், சித்தாண்டி முருகன் உற்சவமும் எல்லாம் இப்படியே. ஒன்று மாத்திரம் சொல்லிவைக்கிறேன்: தெய்வம் ஏறி ஆடும் மனிதரின் முகத்துக்கு முன்னே லென்ஸை நீட்டுவதற்கு முன்பு, கட்டாடியாரிடமும் அவர் வீட்டாரிடமும் உத்தரவு கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

நம் பகுதிக்கு இழப்பு புதிதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியிலே கூரையோடு போன பெட்டிகள் எத்தனை. இடப்பெயர்விலே பூட்டிய வீட்டுக்குள் விட்டு வந்த அல்பங்கள் எத்தனை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன கல்யாணப் படங்கள் எத்தனை. இறந்துபோன தாயின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்டுவதற்கு அடையாள அட்டையின் சிறிய படம் மட்டுமே மிஞ்சிய வீடுகள் நம்மிடையே உள்ளன. யுத்த காலத்திலே கமராவோடு தெருவில் நிற்பதே சந்தேகத்தை வருவிக்கும் காரியமாய் இருந்தமையால், அந்த ஆண்டுகளின் சாதாரண வாழ்க்கை, சந்தையும் பள்ளிக்கூடமும் வயலும், படமாகாமலே கழிந்தது. போர்க் காட்சிகளை வெளியார் எடுத்துப்போயினர். பிள்ளை ஏடு தொடக்கியதை எடுக்க ஆளில்லை.

நெடுங்காலம் ஸ்ரூடியோ நடத்திய ஒரு பெரியவரிடம் சில காலத்துக்கு முன்பு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நான் லென்ஸைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் அளந்துகொண்டிருக்க, அவர் பொறுமையோடு கேட்டுவிட்டுச் சொன்னார்: "படம் எடுக்கிறது கிடக்கட்டும் மகன். அதுக்குப் பின்னால ஆரு, எங்க, எப்ப எண்டு எழுதி வைக்க ஒருத்தரும் இல்லியே." அவர் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய, வாங்க வராதவர்களின் படங்கள். முகங்கள் தெளிவாக இருந்தன, பெயர்கள் இல்லை. வாவிக் காற்றின் ஈரத்தில் சில ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, சிலவற்றின்மேல் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

ஆகையால் சங்கம் அமைத்தவுடன் செய்யவேண்டிய முதற் காரியம் போட்டி வைப்பதன்று, இந்தப் பெட்டிகளைத் தேடிப் போவதே என்பது என் அபிப்பிராயம். பழைய ஸ்ரூடியோக்களிலும் வீடுகளிலும் இருக்கும் படங்களையும் நெகட்டிவ்களையும் உரியவர்களின் சம்மதத்தோடு பிரதிபண்ணி, ஊரின் மூத்தவர்களை அழைத்து முகங்களை அடையாளம் காணச் செய்து, பெயரும் இடமும் ஆண்டும் எழுதி, ஒரு பிரதியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவிலே சேமித்து வரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருப்பதனால், சேர்த்தவற்றை எங்கே வைப்பது என்ற கவலையும் பாதி குறைகிறது. கல்லடியிலே இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவரும், வந்தாறுமூலை வளாகத்து மாணவரும் இதிலே கை கொடுக்கக்கூடும். பழைய முகங்களை இப்படி உற்றுப் பார்த்துப் பழகிய இளைஞர், அதன் பின்பு புதிய படம் எடுக்கப் போகும்போது முன்னைப்போலப் போகமாட்டார் என்பதிலே எனக்குப் பூரண நம்பிக்கை.

அதனோடு கூடவே மாதக் கூட்டமும் நடக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு படம், அதுவும் காகிதத்தில் அச்சிட்டது, கொண்டுவர வேண்டும் என்று விதி வைக்கலாம். கைப்பேசித் திரையிலே காட்டுவதை ஏற்கக்கூடாது, ஏனெனில் அச்சிட்ட பின்பே பலவற்றின் குற்றமும் சிலவற்றின் மகிமையும் தெரிகின்றன. படத்தில் இருக்கும் மீனவருக்கோ கூத்தருக்கோ போடியாருக்கோ ஒரு பிரதி கொடுத்தாயிற்றா என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். ஆண்டறிக்கை எழுதும்போது, யாருக்கு எந்த நாட்டில் பதக்கம் கிடைத்தது என்பதோடு, எத்தனை வீடுகளுக்குப் படம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதையும் அங்கத்தவர் சாதனையாகச் சேர்த்து எழுத வேண்டும்.

மாரி தொடங்கிவிட்டால் வட்டைப் பாதைகள் சேறாகிவிடும். பழைய படங்களுக்கு அந்த ஈரம் பகை. ஆதலால் இந்தக் கோடை முடிவதற்குள் முதற் கூட்டத்தைக் கூட்டிவிட வேண்டும் என்று சில நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். மின்விசிறியும் நீண்ட மேசையும் உள்ள ஓர் அறை கிடைத்தால் போதும். இதை வாசிக்கும் செங்கலடி, ஏறாவூர், வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் பகுதி அன்பர்கள் தம் வீட்டு அலுமாரிகளை இப்போதே ஒருமுறை திறந்து பார்த்து, ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்காமல் அப்படியே காற்றோட்டமான இடத்தில் எடுத்து வைக்குமாறும், வீட்டில் முதியவர் இருப்பின் அவரைக் கொண்டு தெரிந்த பெயர்களை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுமாறும் வேண்டிக்கொள்கிறேன்.